கப்பல்தட்டு முதல் லயம் வரை: பினாங்கில் காலனியக் கொள்ளைநோய்த் தடுப்பும் தமிழர் வாழ்வும்



காலனிய மருத்துவத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. வெள்ளைக்காரன் வந்தான், அம்மை குத்தினான், கொய்னா (குயினைன்) கொடுத்தான், கொள்ளைநோய் ஒழிந்தது என்பது ஒன்று. அந்த மருத்துவமே ஆளுகின்றவனின் கைத்தடி என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே போதவில்லை. அந்த அறிவு உண்மையானது, உயிர்களைக் காத்தது. அந்த அறிவை முதலில் எங்கே செலவழிப்பது, யாரை நிறுத்திச் சோதிப்பது, யாரை விட்டுவிடுவது என்பதை மட்டும் மருத்துவர்கள் தனியே முடிவு செய்யவில்லை. துறைமுகத்தின் வரவும் தோட்டத்தின் இலாபமும் முடிவு செய்தன. குடிதண்ணீர், வடிகால், அரிசி, இருப்பிடம் ஆகியவை மாறிய இடங்களில் நோய் குறைந்தது. மனிதரை வரிசையில் நிறுத்திச் சோதித்ததோடு வேலை முடிந்த இடங்களில் வணிகம்தான் காக்கப்பட்டது. இதை விளக்குவதே என் சொற்பொழிவின் நோக்கம்.

தீவும் காய்ச்சலும்

பிரான்சிஸ் லைட் இந்தத் தீவை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றியது 1786இல். காட்டை விரைவாக வெட்டுவதற்காக வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் போட்டு மரங்களுக்கிடையே சுட்டார் என்ற கதை இங்கே பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். கதை மெய்யோ பொய்யோ, காடு அவசரமாக வெட்டப்பட்டது மெய். எட்டே ஆண்டுகளில், 1794 அக்டோபரில், அவரும் மலேரியாவுக்கு இரையானார். நார்தாம் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கமாகியிருக்கிறார். அங்கே படுத்திருக்கும் தொடக்ககால அதிகாரிகள், வணிகர்களில் பலர் இளம் வயதிலேயே மாண்டவர்கள்.

காடு வெட்டுவதற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான் தெளிவாயிற்று. அதற்குள் பினாங்கு கிழக்குக் கடலின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாகிவிட்டது. நாகப்பட்டினத்துக் கப்பல், சென்னைக் கப்பல், ஆச்சேயின் மிளகுப் படகு, சீனத்துக் கப்பல், ஹஜ்ஜுக்குப் போகும் பயணிகளின் கப்பல் எல்லாம் இங்கே வந்து தங்கிப் போயின. சரக்கு வந்த வழியிலேயே நோயும் வந்தது. 1817இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி ஓரிரு ஆண்டுகளிலேயே இந்தத் துறைமுகத்தை எட்டியது. திறந்திருக்க வேண்டும் என்பது துறைமுகத்தின் இயல்பு. அடைக்க வேண்டும் என்பது கொள்ளைநோயின் கட்டளை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆட்சி ஒரு வழி கண்டது. எல்லாரையும் அடைக்க வேண்டாம், கப்பல்தட்டில் வருகிறவர்களை அடைத்தால் போதும் என்பதே அந்த வழி.

ஜெரஜாக் தீவு

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே, தெற்குக் கால்வாயில் இருக்கிறது புலாவ் ஜெரஜாக். 1860களின் இறுதியில் தொழுநோயாளிகளைக் குடியேற்ற இந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. பிறகு தொற்றுநோய் பரவிய துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்களின் பயணிகளைத் தங்கவைக்கும் இடமுமாயிற்று. ஒரு பக்கம் திரும்பி வரமுடியாத நோயாளிகள், மறுபக்கம் இன்னும் ஊருக்குள் கால்வைக்காத கூலிகள். நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் மலாயாவில் முதலில் மிதித்த மண் இந்தத் தீவின் மண்தான்.

அவர்கள் வந்த வழியை நினைத்துப் பாருங்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து கங்காணியோடு கிளம்பி, நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் தங்கினார்கள். அங்கே ஒரு முறை சோதனை, ஒரு முறை அம்மை குத்தல். பிறகு கப்பல். 1926 முதல் பல்லாண்டு ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களின் தட்டில், பாய் விரித்த இடமே வீடு, பக்கத்துப் பாய்க்காரரே உறவு. பினாங்குக் கரை கண்ணுக்குத் தெரிந்தபிறகும் இறங்க முடியாது. ஜெரஜாக்குக்குக் கொண்டுபோய் இறக்கி, துணிமணிகளை வாங்கி ஆவியில் வேகவைத்து, மருந்துத் தண்ணீரில் குளிக்கச் செய்து, நாக்கையும் கண்ணையும் தோலையும் பார்ப்பார்கள். சில நாட்கள் கொட்டகையில் தங்கியபிறகுதான் தோட்டத்துக்குப் பிரித்து அனுப்புவார்கள். அதே கப்பலில் மேல்வகுப்பு அறையில் வந்தவர் முகவரி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பேதிக்கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்ப்பதில்லை. விதிமுறை பார்த்தது.

இதில் மருத்துவக் காரணமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு தட்டில் நெருக்கியடித்து வந்தவர்களிடையே நோய் பரவும் வாய்ப்பு அதிகம்தான். அப்படியானால் அந்த நெருக்கடியை அல்லவா முதலில் குறைத்திருக்க வேண்டும்? கப்பல் கம்பெனியின் செலவைக் கூட்டும் அந்த வழி கடைசியில் வைக்கப்பட்டது. பயணியின் நாட்களைப் பறிக்கும் வழி முதலில் வந்தது.

இது பினாங்கின் தனிக்கதை அல்ல. பம்பாயில் 1896இல் பிளேக் வந்தபோது ஆட்சி 1897இல் கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீடு வீடாகப் புகுந்து சோதித்த முறையால் கொந்தளித்த புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். பினாங்கிலிருந்தும் பிற துறைமுகங்களிலிருந்தும் மக்காவுக்குப் போனவர்கள் செங்கடலின் கமரான் தீவில் இறக்கப்பட்டார்கள். 1925இல் லீக் ஆஃப் நேஷன்ஸ் எனப்பட்ட சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஒரு கிழக்கு அலுவலகத்தைத் திறந்தது. எந்தத் துறைமுகத்தில் எத்தனை பிளேக், எத்தனை காலரா என்று வாரந்தோறும் தந்தி பறந்தது. அந்தத் தந்திகள் கப்பல்களைக் காத்தன. நாகப்பட்டினத்துச் சேரியின் குடிதண்ணீரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இருந்திருக்காது.

அம்மை வந்த வீடு

பினாங்கும் அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றங்களில் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1868இல் வந்தது. பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க உதவிய முறை அது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அம்மை குத்துவோரைக் கண்டு மக்கள் ஏன் ஒளிந்தார்கள் என்பதற்கு அதிகாரிகள் தந்த விளக்கம் எப்போதும் ஒன்றே: மூடநம்பிக்கை.

அவர்கள் அப்படிச் சொன்னது அம்மை நோயின் தெய்வமான மாரியம்மன் வழக்கத்தை. குயின் தெருவின் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. பினாங்கின் பழமையான இந்துக் கோயில் அது. ரப்பர்த் தோட்டங்களில் லயம் எழுந்த இடத்திலெல்லாம் ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், வெளியார் உள்ளே போகமாட்டார்கள். வீட்டார் விருந்துக்கோ சாவுக்கோ போகமாட்டார்கள். தாளிப்பு கிடையாது. நோயாளிக்குத் தனிப் பாய், மோரும் இளநீருமாகக் குளிர்ந்த ஆகாரம், பக்கத்தில் முன்பே அம்மை கண்டு தேறிய ஒருவர். முற்றிலும் தேறித் தலைக்குத் தண்ணீர் விட்டபிறகே வெளியே நடமாட்டம். பக்தியின் பெயரால் நடந்தாலும் இது தனிமைப்படுத்தல்தான். உறவைத் துண்டிக்காத தனிமைப்படுத்தல்.

அரசின் முறை நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துத் தொற்றுநோய்க் கொட்டகைக்கு எடுத்துப்போனது. அங்கே இறந்தால் முகம் பார்க்க முடியாது, சடங்கு செய்ய முடியாது. மக்கள் அம்மை குத்துவதை எதிர்த்ததைவிட இந்தப் பிரிவை அஞ்சினார்கள். வேப்பிலையையும் ஊசியையும் சேர்த்து வைக்கும் அறிவு ஆட்சியிடம் இருந்திருந்தால் ஒளித்தலும் ஓட்டமும் குறைந்திருக்கும். நம் தெய்வ வழக்கம் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லவில்லை. பெரியம்மையைத் தீர்த்தது தடுப்பூசி. தடுப்பூசி வீட்டுக்குள் நுழைய வழிசெய்யக்கூடிய ஒழுங்கு நம் மக்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதையே சொல்கிறேன்.

வடிகால் யாருக்கு முதலில்?

மலேரியாவுக்கு வருவோம். தமிழரை மலாயாவில் அதிகம் கொன்ற நோய் இது. ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாதில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதன் அருகே அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைக் காய்ச்சலின் கொடுமையால் சில வாரங்களிலேயே மூட நேர்ந்தது. வாட்சன் சதுப்பை வெட்டிச் சமன்செய்து, வடிகால் தோண்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். ஓராண்டில் இப்படி ஒரு மாற்றம் உலக மருத்துவ வரலாற்றிலேயே அபூர்வம். அந்த வடிகால்களை மண்வெட்டி பிடித்துத் தோண்டிய கூலிகளில் தமிழர்கள் இருந்தார்கள்.

ஆனால் மலையடிவாரத் தோட்டங்களில் அதே வைத்தியம் எதிராக வேலைசெய்தது. கடலோரச் சதுப்பில் நோய் பரப்பும் கொசு நிழலை விரும்புவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது போய்விடும். மலைப்பக்கத்தில் நோய் பரப்பும் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையைத் தேடுவது. காட்டை வெட்டி ரப்பர் நட, மூடிக்கிடந்த ஓடைகளில் வெயில் விழுந்தது. உள்ளங்கை அளவு தேங்கிய தெளிந்த நீரில் புழுக்கள் நெளிந்தன. கூலி வெட்டிய காடே கூலியைக் கொன்றது. லைட்டின் தீவிலும் நடந்தது இதுபோன்றதே என்று கருத இடமிருக்கிறது.

இதற்கும் வாட்சன் வழி கண்டார். ஓடைகளைக் குழாய் பதித்து நிலத்தடியில் செலுத்துவது, அது முடியாத இடத்தில் வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பது. வழி இருந்தது. பணம் யாருடையது என்பதே கேள்வி. துறைமுகத்துக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டத்துக்குத் தோட்டக்காரரே கொடுக்க வேண்டும். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியால் ஆள் கொண்டுவரும் செலவு எல்லா முதலாளிகளுக்கும் பொதுவாகிவிட்டது. ஒருவர் செத்தால் அடுத்த கப்பலில் ஒருவர் வருவார் என்ற நிலையில், குழாய் பதிக்கும் செலவு பல துரைகளுக்கு வீண்செலவாகத் தெரிந்தது. ரப்பர் விலை உச்சம் தொட்டதற்கு மறு ஆண்டான 1911இல் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர் சாவு விகிதம் ஆயிரத்துக்கு 60ஐத் தாண்டியது. அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்பதை மனத்தில் வைத்து இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

வடிகாலுக்குப் பதில் கொய்னா வந்தது. இருட்டு விலகாத வேளையில் பெரட்டுக்களத்தில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்பார்கள். தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். தோட்ட மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கொய்னா கலந்த மருந்தைக் குவளையில் மொண்டு, வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றுவார், விழுங்கினார்களா என்று நின்று பார்ப்பார். கசப்பில் ஓங்கரிக்கும், காது இரையும். அந்தக் காதிரைச்சலோடு பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போவார்கள். சாயங்காலம் திரும்பிப் படுப்பது ஓடைக்கரை லயத்தில். மருந்து உடம்புக்குள் போயிற்று. கொசு வெளியில் அப்படியே இருந்தது.

தோட்டங்களில் பிற்பாடு சாவு குறைந்ததற்கு மூன்று காரணங்கள் சேர்ந்தன. மருத்துவ அறிவு ஒன்று. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது இரண்டு. இந்தியாவில் எழுந்த அரசியல் குரல் மூன்றாவது. 1922இன் குடிபெயர்வுச் சட்டம் இந்திய அரசுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும் அதிகாரம் தந்தது. 1938இல் உதவி பெற்ற குடிபெயர்வை அது நிறுத்தவும் செய்தது. ஆள் வரத்து நின்றுபோகும் என்ற அச்சம் சில தோட்டங்களில் மருத்துவர் செய்யமுடியாததைச் செய்தது.

சோற்றுப்பானையில் இருந்த அறிவு

இந்த வரலாற்றில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. அக்கால மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கி, உணர்விழந்து, நெஞ்சடைத்து இறந்தவர்களில் மிகப் பலர் சீனத் தொழிலாளர்கள். அதே நாட்டில், அதே காற்றில், அதே வறுமையில் வாழ்ந்த தமிழருக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. கிருமியா, ஈரமா, இனமா என்று மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் தமிழரின் சோற்றைப் பார்த்தார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசி அது; அவிக்கும்போதே மேல்தோலின் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. சீனர் உண்டது நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளையரிசி. தவிட்டோடு சத்தும் போய்விட்டது.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் இதைச் சோதித்தார். ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசி, மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கலரிசி. வெள்ளையரிசிக்காரர்களிடையே பெரிபெரி பரவிச் சாவும் நேர்ந்தது. புழுங்கலரிசிக்காரர்களிடையே ஒரு சாவும் இல்லை. பின்னர் ஆய்வாளர்கள் பிரேசரும் ஸ்டான்டனும் காட்டுக்குள் சாலை போட்ட தொழிலாளர்களிடையே செய்த ஆய்வு இதை உறுதிசெய்தது. உயிர்ச்சத்து பற்றிய உலக அறிவின் அடித்தளத்தில் மலாயாவின் இந்த ஆய்வுகளும் இருக்கின்றன.

இரண்டு செய்திகளை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். காவேரிக்கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்த கைப்பக்குவம் ஓர் உலகக் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது. அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. இன்னொன்று, அந்தச் சோதனைக்கு ஆளானவர்கள் மறுக்க முடியாதவர்கள். விளைவு நன்மையானது என்பதால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது.

சூலியாத் தெருவின் மருத்துவர்

இந்த ஊர் உலகுக்குத் தந்த நோய்த்தடுப்பு மேதை ஒருவர் உண்டு. வூ லியன் தே 1879இல் பினாங்கில் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, ராணி உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். திரும்பி வந்து கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் பெரிபெரியை ஆராய்ந்தார். பிறகு சூலியாத் தெருவில் மருத்துவம் பார்த்தார். கேம்பிரிட்ஜ் பட்டம் இருந்தும் காலனிய மருத்துவப் பணியின் உயர் பதவிகள் ஆசியருக்கு மூடியிருந்தன. அபினுக்கு எதிராக அவர் இயக்கம் நடத்தியதும் ஆட்சிக்கும் வணிகருக்கும் பிடிக்கவில்லை. அபின் வரி அரசு வருமானத்தின் பெரும்பங்கு. அவர் மருந்துக்கூடத்தில் அபின் கலந்த மருந்து இருந்ததைக் காட்டி வழக்குப் போட்டார்கள். அவர் சீனம் போய்விட்டார்.

1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வெடித்தபோது அனுப்பப்பட்டவர் அவரே. நோய் எலியால் மட்டுமல்ல, மூச்சாலும் பரவுகிறது என்று சொன்னார். பருத்தியும் துணியும் அடுக்கிய முகக்கவசத்தை எல்லாரையும் அணியச் செய்தார். அதை ஏற்காத மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களில் பிளேக்கால் இறந்தார். சுமார் 60,000 பேரைக் கொன்ற நோய் சில மாதங்களில் அடங்கியது. 2020இல் நாமெல்லாம் முகத்தில் கட்டிய துணியின் முன்னோடி அது. பினாங்கில் பதவி மறுக்கப்பட்டவர் மஞ்சூரியாவின் ஹார்பினில் ஒரு பேரரசின் நோயைத் தடுத்தார். இனத்தின் பெயரால் மூடிய கதவு நோய்த்தடுப்பையே பலவீனப்படுத்தியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1960இல் அவர் பினாங்கிலேயே காலமானார்.

1918

இத்தனை ஏற்பாட்டையும் ஒரே ஆண்டு சோதித்துப் பார்த்தது. 1918இன் விஷக்காய்ச்சல் மலாயாவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவரைக் கொன்றதாகக் கணக்கு. தோட்டத்துத் தமிழர்கள் பெருவாரியாக மாண்டார்கள். கப்பலைக் காக்கக் கட்டிய ஏற்பாடு இதைத் தடுக்க முடியவில்லை. தொற்றிவிட்டபிறகு ஒருவர் பிழைப்பாரா என்பது வயிற்றில் இருந்த சோற்றையும், லயத்து அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதையும், கஞ்சி காய்ச்சித் தர ஓர் ஆள் எழுந்து நடமாடினாரா என்பதையும் பொறுத்தது.

இன்று செய்ய வேண்டியவை

நண்பர்களே, இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. தோட்டத் தொழிலாளர் இருப்பிடத்துக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்த 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. தொழிற்சாலை விடுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2020இல்தான். அந்த ஆண்டு நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா ஆயிரக்கணக்கானோருக்குப் பரவியது. அவர்கள் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோர் படுத்த இடத்தில் இன்று வேறு மொழி பேசுகிறவர்கள் படுத்திருக்கிறார்கள். லயத்தின் வரலாறு தெரிந்த நமக்கு அவர்களுக்காகப் பேசும் கடமை மற்றவரைவிட அதிகம்.

அதனால் மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். ஒன்று, ஜெரஜாக்கில் தங்கி வந்த தலைமுறையில் மிச்சமிருக்கும் முதியோர் சிலரே. அவர்கள் நினைவுகளை மாணவர்கள் இந்த ஆண்டே ஒலிப்பதிவு செய்யத் தொடங்க வேண்டும். அங்கே இருக்கும் தொழுநோயாளிகளின் கல்லறைகள், எந்தக் கட்டடத் திட்டம் வந்தாலும், பாதுகாக்கப்பட வேண்டும். இரண்டு, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படும்போது டிரஸ்ஸரின் பதிவேடுகளும் பெரட்டுப் புத்தகங்களும் குப்பைக்குப் போகின்றன. யார் வீட்டில் ஒன்று இருந்தாலும் அதை நூலகத்தில் சேருங்கள். மூன்று, புலம்பெயர்ந்த தொழிலாளர் விடுதிகளின் நெருக்கடியைப் பற்றி நம் சங்கங்கள் வெளிப்படையாகக் கேள்வி எழுப்ப வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய் வரும், ஐயமில்லை. அப்போது முதல் செலவு விமான நிலையச் சோதனைக்கா, தொழிலாளர் படுக்கும் அறைக்கா என்ற கேள்வியும் வரும். அறைக்கு என்று அழுத்திச் சொல்ல இந்த ஊர்த் தமிழருக்கு நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதைச் சொல்வோம்.